ஒற்றைக் காதோடு பத்து நாள்

என் மச்சினன் மாதேஸ்வரனைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு ஓடுகிறது. அயர்லாந்துக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டான் என்பது ஒன்று. அயர்லாந்துக்குப் போய்க் கெட்டுப்போய்விட்டான் என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் ஒரே ஆட்கள்தான். ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாகச் சொல்கிறார்கள். என் பெயர் மணி. நாகலூரில் காப்பி எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறேன். மாதேஸ்வரனின் அக்கா சுதாராணியைக் கட்டியவன். அவனைப் பன்னிரண்டு வயதிலிருந்து பார்க்கிற எனக்கே அவன் எந்த ஊர் ஆள் என்று இந்த வருஷம் குழம்பிப்போய்விட்டது. இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

அவன் பிறந்தது எஸ்டேட் லைன் வீட்டில். அப்பா நல்லமுத்து, அம்மா அருக்காணி, இரண்டு பேரும் காப்பிப் பழம் எடுத்தவர்கள். அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அருக்காணி காய்ச்சலில் போய்விட்டாள். நல்லமுத்து அன்றிலிருந்து பாதி ஆள். சுதாராணிக்கு அப்போது பதினேழு. அம்மா எடுத்த வரிசையிலேயே இவள் பழம் எடுத்தாள், தம்பிக்குத் தலை சீவிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். எனக்குக் கல்யாணம் ஆனபோது பெண் வீட்டிலிருந்து கட்டில் வரவில்லை, பீரோ வரவில்லை, தம்பி வந்தான். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு டவுசரும் ஒரு அட்டை கிழிந்த அறிவியல் புத்தகமும். இதைச் சொல்லி நான் இன்றைக்கும் அவளைச் சீண்டுவேன்.

பையன் படித்தான். நர்சிங் படித்தான். ஆம்பளைக்கு எதற்கு அந்தப் படிப்பு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன், அதை ஒத்துக்கொள்கிறேன். சேலத்தில் படிப்பு, கோயமுத்தூரில் இரண்டு வருஷம் வேலை, அப்புறம் ஏதோ பரீட்சை எழுதி அயர்லாந்தில் கார்க் என்கிற ஊருக்குப் போனான். அங்கே குழந்தைகள் வார்டு. ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, மருந்து ஏற்றுவது எல்லாம் சின்னக் குழந்தைகளுக்கு. ஒன்பது வருஷம் ஆயிற்று. இடையில் ஒரே ஒரு தடவை, நல்லமுத்து செத்தபோது, நாலு நாள் வந்துவிட்டுப் போனான்.

எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்தது ஒரே பெண். பெயர் வைத்தவன் இவன்தான். போனிலேயே அழுதான். அம்மா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். நாங்கள் வேறு நல்ல பெயராக, ஷ எல்லாம் வருகிற மாதிரி ஒன்று பார்த்து வைத்திருந்தோம். கடைசியில் இந்தக் காலத்தில் ஒரு குழந்தைக்கு அருக்காணி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படாதபாடு படுகிறது பிள்ளை. பெயர் வைத்தவர் கார்க்கில் இருக்கிறார், கேலி கேட்பது நாங்கள்.

காதுகுத்துக்கும் அவனே வர வேண்டும் என்று சுதாராணி உறுதியாக இருந்தாள். எங்கள் சனத்தில் தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்துவது கிடையாது. மாமன் சீர் கொண்டுவர வேண்டும், குழந்தையை மடியில் இறுக்கி வைக்க வேண்டும், இரண்டு காதும் ஒரே உட்காரலில் முடிய வேண்டும். அவன் பிடிக்கிற பிடியில்தான் பெண்ணுக்குப் பிறந்த வீடு இருக்கிறதா இல்லையா என்று ஊர் பார்க்கும். சுதாராணிக்கு அப்பா அம்மா இல்லை, இவன் ஒருத்தன்தான் பிறந்த வீடு. ஒரு வயதில் அவனுக்கு லீவு இல்லை. ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது என்பதால் மூன்றுக்குத் தள்ளினோம், கொரோனா வந்தது. ஐந்துக்குத் தள்ளினோம், விசா அட்டை ஏதோ மாற்ற வேண்டும் என்றான். இப்படியே ஏழு வயதாகிவிட்டது. ஒரு வயதுக் குழந்தை என்றால் அழும், பால் குடிக்கும், மறந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு வாய் இருக்கிறது. அதை யாரும் யோசிக்கவில்லை.

வந்தான். வந்து மூன்று நாளாகியும் எனக்கு இவன் என்ன ரகம் என்று பிடிபடவில்லை. சுதாராணி அவன் அங்கே பழகியிருப்பான் என்று ஒண்டிக்கடை பஜாருக்கு என்னை விரட்டி பிரெட், ஜாம், சீஸ் எல்லாம் வாங்கி வைத்தாள். அவனோ, “ராயிக் களி கிண்டலீங்களாக்கா?” என்றான். எங்கள் வீட்டில் களி கிண்டி ஆறு மாதம் இருக்கும். எப்போதும் வேட்டிதான் கட்டினான். நான் பேண்ட் போட்டு நிற்கிறேன், அயர்லாந்துக்காரன் வேட்டியில் நிற்கிறான். சரி, ஊர்ப்பற்று உள்ளவன் என்று பார்த்தால், ஒண்டிக்கடையில் நாகலூர் பஸ்ஸுக்கு நின்றவன் யாரும் நிற்காத வரிசையில் தான் மட்டும் நின்று, எல்லோரையும் முன்னே ஏறவிட்டு, இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டு வீட்டுக்கு வந்தான். எனக்கு வந்த சிரிப்பில் சோறு புரையேறியது.

“சிரிக்காதீங்க மச்சான். காலு அப்பிடியே நின்னுக்குச்சு,” என்றான்.

அருக்காணிக் குட்டி அவனோடு ஒட்டிக்கொண்டது. நாங்கள் யாரும் பேசாத மாதிரி அவன் அவளிடம் பேசினான். நீ என்ன நினைக்கிறாய், உனக்கு எது வேண்டும், இதைத் தொடலாமா என்றெல்லாம் கேட்பான். காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு பேரும் மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து வெகு நேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் தன் காதைத் தொட்டுக் காட்டினான், அவள் தலையை ஆட்டினாள். மாமனும் மருமகளும் கொஞ்சுகிறார்கள் என்று நான் ஜீப்பைக் கழுவப் போய்விட்டேன்.

எங்கள் குலசாமி முனியப்பன் கோயில் கீழே குப்பனூரைத் தாண்டி இருக்கிறது. காலையில் இரண்டு ஜீப்பில் சொந்தபந்தங்களை அடைத்துக்கொண்டு குப்பனூர் ரோட்டில் இறங்கினோம். மாமன் சீர் ஒன்பது தட்டு. அதில் அவன் எடுத்துவந்த கம்மல், சின்னப் பூ மாதிரி, சிவப்புக் கல் வைத்தது. சுதாராணி அதை எல்லோரிடமும் காட்டிக்காட்டி, “தம்பி எடுத்ததுங்க, தம்பி எடுத்தது” என்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மாதேஸ்வரன் புதுத் துண்டைத் தோளில் போட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குட்டி தானாகவே போய் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி இரண்டு காதிலும் பொட்டு வைத்தார். வலது காது. அவர் கை எப்போது போயிற்று எப்போது வந்தது என்று தெரியவில்லை, குத்தி முடித்துக் கம்பியை வளைத்துவிட்டார். ஒரு நொடி கழித்துத்தான் பிள்ளைக்கு வலி தெரிந்தது. வீரிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆசாரி இடது காதுக்கு நகர்ந்தார்.

“போதும் மாமா. நிறுத்துங்க,” என்றாள் குட்டி.

அவன் கையை எடுத்துவிட்டான். இரண்டு கையையும். உள்ளங்கை தெரிகிற மாதிரி மேலே தூக்கிவிட்டான். பிள்ளை மடியிலிருந்து குதித்து ஓடி ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. குலவை பாதியில் நின்றது. ஆசாரி ஊசியோடு குனிந்தபடி இருந்தார்.

“புடிடா,” என்றாள் சுதாராணி.

“வேண்டாங்கறாளேக்கா.”

“காது குத்தற புள்ள வேண்டாம்னுதான் சொல்லும். புடிச்சு உக்கார வெய்யி.”

“அவ நிறுத்தச் சொன்னா நிறுத்தறேன்னு நேத்தே சொல்லிட்டேங்கா.”

அப்போதுதான் மரத்தடிப் பேச்சு எனக்கு விளங்கியது. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. அத்தனை சொந்தத்துக்கும் முன்னால் கத்தினேன். “ஏன் மாப்ள, புள்ளைங்களுக்கு ஊசி குத்தித்தானே நீ அங்க சோறு திங்கறே. இங்க மட்டும் கை வராதா?”

“அங்கயும் இப்பிடித்தானுங்க மச்சான். புள்ள கையத் தூக்குனா நிறுத்தீருவோம். மறுபடி பேசி, அதுவா வந்து உக்கார்ந்தாத்தான் குத்துவோம்.”

“அதுக்கு எத்தன நாள் ஆவும்?”

“சில புள்ளைக்கு அர மணி நேரம். சிலதுக்கு அடுத்த வாரம்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆசாரி பொறுமையானவர். பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்த்தார், மிட்டாய் காட்டினார், நாங்கள் இழுத்துவரப் பார்த்தோம், அது ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நல்ல நேரம் முடிந்துவிட்டது என்று அவர் பையைக் கட்டினார். கெடா வெட்டியாகிவிட்டது, சோறு வெந்துவிட்டது, எல்லோரும் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது யாரும் சத்தமாகப் பேசவில்லை. அதுதான் மானக்கேடு. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அதற்கப்புறம் பத்து நாள் எங்கள் வீட்டில் ஒற்றைக் காது. வலது காதில் கம்பி, இடது காதில் மங்கிப்போன மசிப்பொட்டு மட்டும். பள்ளிக்கூடத்தில் பெயரோடு இதுவும் சேர்ந்துகொண்டது. பிள்ளை ஒரு நாள் அழுதுகொண்டு வந்தது, மறுநாள் போகமாட்டேன் என்றது. சுதாராணி தம்பியைத் திட்டவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். ஆனால் தட்டில் சோறு தீர்ந்தால், “இன்னுங் கொஞ்சம் போடட்டுமா சாமி?” என்று கேட்பாளே, அதைக் கேட்கவில்லை. அவனுக்கு ஒன்பது வயதிலிருந்து கேட்டுவந்த கேள்வி. அவன் காலித் தட்டை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருப்பான், அப்புறம் எழுந்து கை கழுவுவான்.

அவன் ஊருக்குத் திரும்ப நாலைந்து நாள்தான் இருந்தது. ஒரு நாள் எஸ்டேட் சாமான் வாங்க ஒண்டிக்கடைக்குப் போகும்போது அவனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். பாதி வழி தாண்டினோம். அப்புறம் தானாக ஆரம்பித்தான்.

“மச்சான், போன வருசம் எங்க வார்டுல காது குத்தறதப் பத்திப் பேச்சு வந்துச்சு. கூட வேல செய்யற பொண்ணு ஒண்ணு, புள்ளையக் கேக்காம அது காதுல ஓட்ட போடறது தப்புன்னு சொல்லுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எங்க ஊர்ல மாமன் மடியில உக்கார வெச்சுக் குத்துவோம், அந்த மடிதான் அந்தப் புள்ளைக்குத் தெம்பு, உனக்கென்ன தெரியும்னு சண்டை போட்டுட்டு ரெண்டு நாள் அவகிட்டப் பேசல.”

“அப்பறம்?”

“அப்பறம் இங்க வந்தேன். இங்க வந்து அவ சொன்னதச் செஞ்சுட்டேன்.”

வளைவு வந்தது, நான் கியரை மாற்றினேன்.

“அங்க பொங்கல் வெக்கறது நாந்தானுங்க. தை மாசம், மழையில, கார் நிறுத்தற எடத்துல, கேஸ் அடுப்பு வெச்சு. மத்தவங்க எல்லாம் உள்ள போயிருவாங்க, நா மட்டும் பொங்கி வழியற வரைக்கும் குடை புடிச்சு நிப்பேன். அங்க இருந்தா இந்த ஊருக்குப் பரிஞ்சு பேசறேன், இங்க வந்தா அந்த ஊருக்குப் பரிஞ்சு பேசறேன். நா இருக்கற ஊருக்கு நா எப்பத்தான் பேசுவேன்னு தெரியலீங்க.”

“புள்ள சொன்னா நீ கையத் தூக்கணும்னு யாரு மாப்ள உங்கிட்டக் கேட்டா?”

“யாருங் கேக்கல. அதானுங்க பயமா இருக்குது. யோசிச்சு எடுக்கல மச்சான். கை தானா எந்திரிச்சிருச்சு.” என் பக்கம் திரும்பி, “நா செஞ்சது தப்புங்களா?” என்றான்.

தப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்கு முந்தின ராத்திரி குட்டி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, “மாமா மட்டுந்தாம்ப்பா நா சொன்னாக் கேப்பாரு” என்று சொன்னது ஞாபகம் வந்தது. அதனால் தப்பு என்று சொல்ல வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை, வீட்டில் சுதாராணி இருக்கிறாளே. ரோட்டில் காட்டெருமை ஒன்று நின்றது. அதைத் திட்டிக்கொண்டே ஹாரன் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆசாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். சுதாராணி சொல்லியனுப்பியிருக்கிறாள். எனக்கே வாசலில் செருப்பைப் பார்த்துத்தான் தெரியும். கூடவே குப்பனூரிலிருந்து பிரவீனும் வந்திருந்தான். பிரவீன் சுதாராணியின் சித்தப்பா மகன். முறைக்கு அவனும் தாய்மாமன்தான். செல்போன் கடை வைத்திருக்கிறான், நல்ல புஜம். தோளில் புதுத் துண்டு. அதைப் பார்த்ததும் மாதேஸ்வரனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“என்னக்கா இது?”

“ஒண்ணுமில்ல சாமி. உனக்குச் சிரமம். பிரவீன் உக்கார்ந்துக்குவான். நீ அக்கட்டால தள்ளி இரு.”

பத்து நாள் கழித்து அவள் அவனைச் சாமி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா அவனை மன்னித்துவிட்டாள், மன்னித்து ஒதுக்கிவிட்டாள். இனிமேல் அவன் வருவான், சாப்பிடுவான், போவான். இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு உட்காருகிற ஆள் வேறு.

பிரவீன் உட்கார்ந்து குட்டியை இழுத்தான். அது அவன் கையைக் கடித்தது. அவன் சிரித்துக்கொண்டே இன்னும் இறுக்கினான். நான் காலைப் பிடிக்கப் போனேன்.

“எந்திரி பிரவீனு,” என்றான் மாதேஸ்வரன்.

பிரவீன் சுதாராணியைப் பார்த்தான். அவள் தம்பியைப் பார்த்தாள். பிரவீன் எழுந்து துண்டை எடுத்து நீட்டினான். மாதேஸ்வரன் அதைத் தோளில் போட்டு உட்கார்ந்தான்.

குட்டி அவனிடம் தானாக வந்தது. அதுதான் எனக்கு இன்னும் மறக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் இழுக்காமல் வந்து, மடியில் உட்கார்ந்து, அவன் நெஞ்சில் முதுகைச் சாய்த்துக்கொண்டது. அப்புறம் தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டது. காலடியில் குந்தியிருந்ததால் எனக்கு மட்டும் காதில் விழுந்தது.

“நா சொன்னா நிறுத்தீருவீங்கல்ல மாமா?”

அவன் ஒரு கையால் அவள் நெற்றியைத் தன் தோளோடு சேர்த்தான், மறு கையால் அவளுடைய இரண்டு கையையும் அணைத்துப் பிடித்தான். தெரிந்தவன் பிடிக்கிற பிடி. வலிக்காது, அசையவும் முடியாது. ஆசாரி குனிந்தார். “நிறுத்துங்க மாமா,” என்றாள். ஊசி போயிற்று. “மாமா, நிறுத்துங்கன்னு சொன்னேன்,” என்றாள். கம்பி வளைந்தது. மூன்றாம் தடவை அவள் எதுவும் சொல்லவில்லை, சும்மா அழுதாள். ஆசாரி எழுந்த பிறகும் அவன் கை எடுக்கவில்லை. நான்தான், “போதும் மாப்ள, முடிஞ்சுது,” என்று சொல்லி விரல்களைப் பிரித்துவிட்டேன்.

சுதாராணி சர்க்கரையைப் பிள்ளை வாயில் போடுவதற்கு முன்னால் தம்பி வாயில் போட்டாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று மத்தியானம் அவன் தட்டு காலியாகவே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டுக்கொண்டே இருந்தாள். அவன் போட்டதையெல்லாம் தின்றான். சந்தோஷமாகத் தின்றானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினான். சேலம் வரை கொண்டுபோய் விட நான் ஜீப்பைத் திருப்பி நிறுத்தினேன். குட்டி அந்த இரண்டு நாளும் அவனிடம் கோபித்துக்கொள்ளவில்லை. பேசியது, சிரித்தது, சாக்லேட் கேட்டது. ஆனால் அவன் கேட்கிற கேள்விக்கு எல்லாப் பெரியவர்களுக்கும் சொல்கிற மாதிரி, “ஆமாங்க மாமா, இல்லீங்க மாமா” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். மரத்தடிக்கு வா என்று கூப்பிட்டான், வரவில்லை.

பையை ஏற்றிவிட்டு அவன் அவள் முன்னால் குந்தினான்.

“மாமா மேல கோவமா கண்ணு?”

“இல்லீங்க மாமா.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். நீங்க வேற மாதிரின்னு நெனச்சுட்டேன். நீங்களும் நம்மூர்க்காரங்க மாதிரியேதான்.”

சுதாராணிக்கு முகமெல்லாம் பூரித்துப்போயிற்று. “பின்ன? உன்ற மாமன் வேற எந்த ஊர்க்காரனாம்?” என்று பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். வாசலில் நின்ற அக்கம்பக்கத்து ஆட்களிடமும், “கேட்டீங்களா, எம்புள்ள சொல்றத?” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவன் குந்தினபடியே இருந்தான். ஒன்பது வருஷம் குடை பிடித்துப் பொங்கல் வைத்தவன் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான் என்று எனக்குத் தெரியும். கேட்டும்விட்டான். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.

“ஏறு மாப்ள, நேரமாச்சு,” என்றேன்.